சேலத்துல இருந்தபடியே பக்கத்து கேலக்ஸிக்கு தூரம் அளக்குறது எப்படி: சிவப்பு ராட்சச நட்சத்திர முறை, படிப்படியா

சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காம, அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு பொறுக்கி கத்துக்கிட்டவன் எழுதுறேன், அதனால முழுசா படிச்சுட்டு ஆரம்பிங்க. நம்ம பக்கம் எம்எஸ்ஸி பிசிக்ஸ் பசங்க ப்ராஜெக்ட்டுன்னா தின் ஃபிலிம், நானோ பார்ட்டிகிள்னுதான் போவாங்க, லேப் இருக்கு, சீனியரோட பழைய ரிப்போர்ட்டும் இருக்கு. வானியல்னு வாயெடுத்தா "அதுக்கெல்லாம் பெங்களூரு போகணும்பா"ன்னு முடிச்சுடுவாங்க. போக வேண்டாம். ஒரு லேப்டாப்பும் ஓரளவு நெட்டும் இருந்தா அஞ்சு ரோடு பக்கம் ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டே 1 கோடி ஒளியாண்டுக்கு அப்பால இருக்குற கேலக்ஸிக்கு 3, 4 சதவீத பிழையில தூரம் சொல்லிடலாம், கையில இருக்கவேண்டியது ப்ளஸ் டூ அளவு லாகரிதமும் கொஞ்சம் பைத்தானும்தான்.

1. முதல்ல பர்ஸ மூடி உள்ள வைங்க

டெலஸ்கோப் வாங்காதீங்க. இத முதல் ஸ்டெப்பா போடக் காரணம் இருக்கு, இந்த சப்ஜெக்ட் எடுத்ததும் வீட்டுல கேட்டு ஒரு 6 இன்ச் டெலஸ்கோப் வாங்கிட்டு ஏற்காடு ஏறுற ஆளுங்க உண்டு. நாம அளக்கப்போற நட்சத்திரம் ஒவ்வொண்ணும் 23, 24 மேக்னிட்யூட் (வெளிச்சத்தோட அளவு, எண் ஏற ஏற நட்சத்திரம் மங்கல்). வெறும் கண்ணுக்கு நல்ல இருட்டுல தெரியுற கடைசி அளவே 6தான். காவலூர்ல இருக்குற 2.34 மீட்டர் வேணு பாப்பு டெலஸ்கோப்புக்கே இது கஷ்டம், ஏன்னா பூமிக்காத்து கலங்குறதுல அவ்வளவு தூரத்து நட்சத்திரங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயிடும். அதனால ஹப்பிள் டேட்டா, அது இலவசம்.

செலவு கணக்கு இப்படி வெச்சுக்கோங்க. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும், பழசா இருந்தாலும் பரவால்ல. சாஃப்ட்வேர் எல்லாமே (பைத்தான், பட்டியல வரைபடமா போடுற டாப்கேட், இமேஜ்ல நட்சத்திர வெளிச்சத்த அளக்குற டால்ஃபாட்) ஓசி. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஜர்னல் சைட்ல 30, 40 டாலர் கேட்டா கட்டிடாதீங்க, அதே கட்டுரை ஆர்க்கைவ்ங்கிற (arxiv.org) சைட்ல சும்மா கிடைக்கும், தலைப்ப அப்படியே போட்டு தேடுங்க. முழு இமேஜ இறக்குற ஐடியா இருந்தா மட்டும் 1 டிபி ஹார்டுடிஸ்க் ஒண்ணு. மத்தது பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங், டீ, தட்டுவடை செட்டு.

2. எத அளக்குறோம்னு ரெண்டு நிமிஷம்

சூரியன் மாதிரி கம்மி எடை நட்சத்திரம் வயசானதும் ஊதி சிவப்பு ராட்சசன் ஆகும். அதோட மையத்துல ஹீலியம் சேந்துக்கிட்டே போகும், வெளிச்சமும் ஏறிக்கிட்டே போகும். மையம் சூரியனோட எடையில ஏறக்குறைய பாதிக்கு வந்து, சூடு 10 கோடி டிகிரி கிட்ட போனதும் ஹீலியம் ஒரேயடியா பத்திக்கும். அந்த நிமிஷத்தோட நட்சத்திரம் மேல ஏறுறது நின்னு கீழ இறங்கிடும். பத்திக்கிற நேரத்துல மையத்தோட எடை எல்லா நட்சத்திரத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்ங்கிறதால, அந்த உச்சி வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ஐ பேண்டுல (சிவப்போட கடைசி ஓரத்து ஒளி) முழு மேக்னிட்யூட் (10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்துல வெச்சுப் பாத்தா வர்ற அளவு) -4.05 பக்கம். ஒரு கேலக்ஸில ராட்சசங்க எந்த மேக்னிட்யூட்ல டக்குனு ஆரம்பிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சா தூரம் வந்துடும். இந்த உச்சிக்குதான் டிஆர்ஜிபின்னு (டிப் ஆஃப் த ரெட் ஜயண்ட் பிராஞ்ச், சிவப்பு ராட்சசக் கிளையோட உச்சி) பேரு.

செஃபீட் (சீரா துடிச்சு வெளிச்சம் ஏறி இறங்குற நட்சத்திரம், அத வெச்சும் தூரம் அளப்பாங்க) எடுக்கலாமான்னு கேப்பீங்க. ஒரே செமஸ்டருக்கு வேண்டாம், ஏன்னா செஃபீடோட துடிப்புக் காலத்த பிடிக்க ஒரே இடத்த வாரக்கணக்குல பல தடவ எடுத்த டேட்டா வேணும். டிஆர்ஜிபிக்கு ரெண்டு ஃபில்டர்ல ஒரு தடவ எடுத்தது போதும்.

3. பேப்பர் வேலை

என்னைய ரொம்ப இழுத்தடிச்சது இதுதான், சயின்ஸ் இல்ல. "நாசா கிட்ட பர்மிஷன் லெட்டர் வாங்கிட்டு வா"ன்னு ஆபீஸ்ல கேட்டா பதறாதீங்க. ஹப்பிள் டேட்டா வெக்கிற ஆவணக்காப்பகத்துக்கு மாஸ்ட்னு பேரு. பொதுவுல விட்ட டேட்டாவுக்கு அனுமதிக் கடிதம், போனஃபைடு, காலேஜ் மெயில் ஐடி எதுவும் அங்க கேக்க மாட்டாங்க, அக்கவுண்ட் கூட இல்லாம இறக்கலாம். புதுசா எடுத்த டேட்டா மட்டும் சில மாசம் எடுத்தவங்களுக்குன்னு பூட்டி இருக்கும், நாம எடுக்கப்போறது 15 வருஷத்துக்கும் மேல பழசு. மாஸ்ட் சைட்ல டேட்டாவ எப்படி பயன்படுத்தலாம், எப்படி நன்றி சொல்லணும்னு ஒரு பக்கம் இருக்கு, அத பிரிண்ட் எடுத்து ப்ராஜெக்ட் ப்ரொபோசலோட பின்னாடி பின் பண்ணிக் கொடுங்க, லெட்டர் கேட்டவங்க அதுல திருப்தி ஆயிடுவாங்க, காகிதம்னு ஒண்ணு வேணும் அவங்களுக்கு, அவ்வளவுதான்.

முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டுல எழுதி வெக்க வேண்டியது: ஹப்பிள் ப்ரொபோசல் நம்பர், டேட்டாசெட் பேரு, எந்த கேமரா, எந்த ஃபில்டர், எவ்வளவு செகண்ட் எக்ஸ்போஷர், என்னைக்கு இறக்குனீங்க. வைவாவுல இதத்தான் முதல்ல நோண்டுவாங்க, கடைசி வாரத்துல தேடுனா ஃபைல் பேரப் பாத்து தலை சுத்தும்.

4. கேலக்ஸி தேர்வு

நெருக்கமா இருக்கணும், நம்ம பால்வெளியோட தூசி மறைக்காத திசையில இருக்கணும், ஹப்பிளோட ஏசிஎஸ் கேமராவுல எஃப்606டபிள்யூ, எஃப்814டபிள்யூ (மேல சொன்ன ஐ பேண்டுக்கு ஹப்பிள்ல இதுதான்) ரெண்டு ஃபில்டரும் எடுத்திருக்கணும். முதல் தடவைக்கு என் சிபாரிசு என்ஜிசி 253. கிட்டத்தட்ட 3.5 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக்னா 10 லட்சம் பார்செக்), அந்தத் திசையில பால்வெளித் தூசி ரொம்பக் கம்மி, டேட்டா நல்ல ஆழம். எம்81ம் நல்லதுதான், அதுவும் 3.6 மெகாபார்செக் பக்கம், ஆனா அந்தத் திசையில தூசித் திருத்தம் கொஞ்சம் கூட.

என்ஜிசி 253ல இன்னொரு லாபம், அத நாம கண்ணால பாக்கவும் முடியும். டிசம்பர் கடைசியில மழை விட்ட ஒரு நாள், இருட்டுன உடனே ஏற்காட்டுல இருந்து தெக்க பாத்தா 50 டிகிரிக்கு மேல நிக்கும், யார்கிட்டயாவது சின்ன டெலஸ்கோப் இருந்தா நீட்டுப் புகை மாதிரி தெரியும். ப்ராஜெக்ட்டுக்கு இதுல ஒரு மார்க்கும் கிடையாது, இருந்தாலும் பாருங்க.

பால்வெளிக்குப் பக்கத்துலயே இருக்குற சின்ன கேலக்ஸியான பெரிய மெகல்லானிக் மேகத்த எடுக்கலாமேன்னு சில பேரு ஆசைப்படுவாங்க. 49.6 கிலோபார்செக்னு 1 சதவீதத் துல்லியத்துல தூரம் தெரிஞ்ச இடம் அது, இந்த முறையோட அளவுகோலையே அத வெச்சுதான் சரிபாப்பாங்க. ஆனா வானத்துல அவ்வளவு பெருசா பரவிக் கிடக்குறதால உள்ளுக்குள்ள தூசி இடத்துக்கு இடம் மாறும், புதுசா வர்றவங்களுக்கு தலைவலி. நம்ம ஊர்ல பாக்கவும் தோதில்ல, உச்சிக்கு வந்தாலே அடிவானத்துக்கு மேல எட்டு எட்டரை டிகிரிதான், ஏற்காட்டுல இருந்து பாத்தா அந்தத் திசையில நேரா சேலம் டவுனோட லைட்டு நிக்குது.

5. டேட்டா இறக்குறது: குறுக்கு வழி, நீள வழி

குறுக்கு வழிதான் புது ஆளுக்கு. நட்சத்திரங்களோட மேக்னிட்யூட்ட ஏற்கெனவே அளந்து பட்டியலா போட்டு வெச்சிருக்காங்க. மாஸ்ட்லயே 'ஆங்ஸ்ட்'னு ஒரு தொகுப்பு இருக்கு, பக்கத்துல இருக்குற 69 கேலக்ஸி, 2009ல வந்தது. அதுல ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பட்டியல் வரும், முடிவுல 'எஸ்டி'ன்னு ஒண்ணு, 'ஜிஎஸ்டி'ன்னு ஒண்ணு. ஜிஎஸ்டிய எடுங்க, வரி எதுவும் கட்ட வேண்டாம், சந்தேகமான நட்சத்திரத்தையெல்லாம் கழிச்சுக் கட்டுன சுத்தமான பட்டியல் அது. அதுல இல்லாத கேலக்ஸின்னா ஹவாய் பல்கலைக்கழகத்தோட எக்ஸ்ட்ராகேலக்டிக் டிஸ்டன்ஸ் டேட்டாபேஸ்ல பாருங்க, 500 வாக்குல கேலக்ஸிக்கு இதே வேலைய பண்ணி வரைபடத்தோட வெச்சிருக்காங்க.

நீள வழின்னா மூல இமேஜ இறக்கி டால்ஃபாட்ல நீங்களே நட்சத்திரத்த அளக்குறது. முழு ஏசிஎஸ் இமேஜ் ஒண்ணு 160 எம்பிக்கு மேல வரும், ஒரு இடத்துக்கு நாலஞ்சு, பத்து இமேஜ்னு இருக்கும். இறக்கும்போது 'எஃப்எல்சி' ஃபைல எடுங்க, 'எஃப்எல்டி' வேண்டாம், பழசான சிசிடில எலக்ட்ரான் வழியில தொலைஞ்சு போறதுக்கான திருத்தம் எஃப்எல்சிலதான் இருக்கு. லினக்ஸ் போட்ட லேப்டாப்ல டால்ஃபாட் ராத்திரி முழுக்க ஓடும், அதனால உங்க ஏரியாவுக்கு மாசாந்திர பவர் கட் என்னைக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு ஓட விடுங்க, நடுவுல கரண்ட்டு போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்துதான். எம்எஸ்ஸிக்கு இது தேவையே இல்ல. பிஎச்டி ஐடியா இருக்குறவங்க மட்டும் இந்தப் பக்கம் போங்க.

6. வரைபடம் போட்டு, நடுப்பகுதிய தூக்கிப் போடுங்க

பட்டியல டாப்கேட்ல திறங்க. கிடை அச்சுல நிறம் (எஃப்606 கழித்தல் எஃப்814), நேர் அச்சுல எஃப்814 மேக்னிட்யூட், பிரகாசமானது மேல வர்ற மாதிரி அச்ச திருப்பிப் போடுங்க. இடது பக்கம் நேரா மேல போற நீலப் புள்ளிங்க இளசு நட்சத்திரம். வலது பக்கம் நிறம் 1ல இருந்து 1.5 வரைக்கும் கீழ அடர்த்தியா ஆரம்பிச்சு, மேல போகப்போக வலது பக்கம் சாஞ்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல வெட்டுன மாதிரி நிக்கும் பாருங்க, அதுதான் நம்ம சிவப்பு ராட்சசக் கிளை. அந்த வெட்டுக்கு மேலயும் புள்ளிங்க தூவுன மாதிரி கொஞ்சம் இருக்கும், அது ஏஜிபின்னு சொல்ற அடுத்த கட்ட ராட்சசங்க. இந்த வித்தியாசம் மனசுல நிக்கட்டும், அப்புறம் வருது.

இப்ப முக்கியமான வேலை. ராத்திரி லேடீஸ் சீட்ல நின்னு கீழ சேலத்த பாத்திருப்பீங்க, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எது எந்த லைட்டுன்னே பிரிக்க முடியாது, ஒரே வெளிச்சம், ஊரு ஓரமா போகப்போக ஒத்தை ஒத்தை லைட்டா எண்ணலாம். கேலக்ஸியும் அதேதான். நடுவுல ரெண்டு மூணு நட்சத்திரம் ஒண்ணா ஒட்டி ஒரே நட்சத்திரமா அளக்கப்பட்டிருக்கும், அது அசல விட பிரகாசமா காட்டும், கிளை மேல நீண்ட மாதிரி ஆகும், தூரம் கம்மியா வரும். போதாக்குறைக்கு கேலக்ஸியோட தட்டுக்குள்ள தூசியும் இளசு நட்சத்திரமும் வேற. அதனால தட்ட விட்டு தள்ளி, ஓரத்துல, ஹேலோன்னு சொல்ற பகுதில இருக்குற நட்சத்திரங்கள மட்டும் வெட்டி எடுங்க.

எவ்வளவு வெட்டலாம்? உச்சிக்குக் கீழ ஒரு மேக்னிட்யூடுக்குள்ள குறைஞ்சது 100 நட்சத்திரமாவது மிஞ்சணும், 400ன்னா நிம்மதி. அதுக்குக் கம்மின்னா வெட்டு எங்கன்னே தெரியாது, இஷ்டத்துக்கு ஆடும். இந்த வெட்டுற எல்லைய மூணு நாலு விதமா மாத்தி மாத்திப் பாக்குறதுக்குதான் ப்ராஜெக்ட்ல அதிக நேரம் ஒதுக்கணும்னு நான் சொல்லுவேன். கோடு போடுறத கம்ப்யூட்டர் பண்ணிடும், எந்த நட்சத்திரத்த சேக்குறது எத விடுறதுங்கிறது உங்க பொறுப்பு, தூரம் நல்லா வர்றதும் நாறிப்போறதும் அங்கதான்.

7. விளிம்ப பிடிக்கிறது

நிறம் 0.8ல இருந்து 1.6 வரைக்கும் உள்ள நட்சத்திரத்த மட்டும் எடுத்து, 0.05 மேக்னிட்யூட் படியா எண்ணுங்க. ஒரு பேச்சுக்கு இப்படி வருதுன்னு வெச்சுக்கோங்க: 23.60ல 14, 23.65ல 15, 23.70ல 41, 23.75ல 55, 23.80ல 60. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படியோட எண்ணிக்கையில இருந்து முந்தின படியோடத கழிங்க. 23.65க்கு 41 கழித்தல் 14, அதாவது 27. 23.70க்கு 55 கழித்தல் 15, 40. 23.75க்கு 60 கழித்தல் 41, 19. பெருசு 40, ஆக விளிம்பு 23.70. சோபெல் ஃபில்டர்னு கட்டுரையில மிரட்டுறது இவ்வளவுதான், போட்டோல ஓரம் கண்டுபிடிக்கிற அதே சமாச்சாரம்.

இதோட நிறுத்தாதீங்க. படி 0.05க்கு பதிலா 0.03, 0.08ன்னு மாத்துங்க, படி ஆரம்பிக்கிற இடத்த தள்ளி வைங்க, விளிம்பு எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. அப்புறம் பட்டியல்ல இருந்து குலுக்கல் முறையில திரும்பத் திரும்ப எடுத்து ஆயிரம் தடவ அளந்து அதோட பரவல பிழையா போடுங்க. பைத்தான்ல பத்து வரி, லேப்டாப்புக்கு நிமிஷ வேலை.

8. கணக்கு

முதல்ல தூசி. ஐஆர்எஸ்ஏங்கிற இன்ஃப்ராரெட் ஆவணக்காப்பக சைட்ல தூசிக் கணக்குப் பக்கத்துல கேலக்ஸி பேர அடிச்சா சிவப்பேற்றம் (தூசியால நிறம் சிவக்குற அளவு) எவ்வளவுன்னு வரும், எஃப்814க்கு அத சுமார் ஒன்றரையால பெருக்கணும். என்ஜிசி 253க்கு 0.03 பக்கம் வரும். மேல போட்ட உதாரணத்துல 23.70 கழித்தல் 0.03, 23.67. அதுல இருந்து -4.05அ கழிச்சா 27.72, இதுதான் தூர மாடுலஸ். 5அ கூட்டி 5ஆல வகுத்தா 6.544. 10அ அந்த அடுக்குக்கு உயர்த்துனா 35 லட்சம் பார்செக், அதாவது 3.5 மெகாபார்செக். 3.26ஆல பெருக்குனா 1 கோடியே 14 லட்சம் ஒளியாண்டு.

உலோகம் (வானியல்ல ஹீலியத்த விட கனமான தனிமம் எல்லாமே உலோகம்தான்) அதிகம் இருக்குற நட்சத்திரங்களுக்கு உச்சி கொஞ்சம் மங்கும், அதுக்கு ரிஸ்ஸியும் கூட இருந்தவங்களும் 2007ல கொடுத்த திருத்தம் இருக்கு: -4.06 கூட்டல் 0.20 பெருக்கல் (நிறம் கழித்தல் 1.23). உச்சில உள்ள நட்சத்திரங்களோட சராசரி நிறத்த தூசித் திருத்தம் பண்ணிட்டு இதுல போடுங்க. நிறம் 1.5ன்னா -4.01 பக்கம் வரும், வித்தியாசம் சின்னதுதான், ஆனா போடலன்னா வைவாவுல கேள்வி வரும்.

பிழைக்கு, விளிம்புல 0.05, அளவுகோல்ல 0.04, தூசி அது இதுன்னு 0.02, இதெல்லாம் வர்க்கம் போட்டு கூட்டி மூலம் எடுத்தா 0.067. தூரத்துல 3 சதவீதம், ஆக 3.5க்கு கூடக் குறைய 0.11.

9. எல்லாரும் மாட்டிக்கிற இடங்க

வேகாவா ஏபியா? ஹப்பிள் மேக்னிட்யூட் ரெண்டு மூணு அளவு முறையில வரும். -4.05ங்கிறது வேகா முறைக்கு. ஆங்ஸ்ட் பட்டியலும் வேகாதான். ஆனா மாஸ்ட்ல கண்ணுக்கு முதல்ல படுற ஹப்பிள் சோர்ஸ் கேட்லாக் ஏபி முறை. எஃப்814ல ரெண்டுக்கும் 0.4க்கு மேல வித்தியாசம், கவனிக்காம போட்டா தூரம் 20 சதவீதத்துக்கு மேல தப்பு, எங்க தப்புன்னும் சுலபத்துல சிக்காது, ஏன்னா வரைபடம் பாக்க அழகாவே இருக்கும்.

வெப் டெலஸ்கோப் டேட்டா புதுசாச்சேன்னு ஆசைப்பட்டு எஃப்090டபிள்யூ மாதிரி ஃபில்டர எடுத்தா -4.05 அங்க செல்லாது. ஃபில்டருக்கு ஃபில்டர் உச்சி வேற, அந்தந்த ஃபில்டருக்குன்னு அளந்த எண்ணத்தான் போடணும்.

பெரிய பொறி ஏஜிபி. டேட்டா ஆழம் பத்தலன்னா அசல் உச்சி டேட்டாவோட அடிமட்டத்துல முழுகிப்போயிடும், மேல இருக்குற ஏஜிபி கூட்டம் ஆரம்பிக்கிற இடமும், ஒட்டிப்போன நட்சத்திரங்களும் உச்சி மாதிரி வேஷம் போடும். என்ஜிசி 1052-டிஎஃப்2ன்னு ஒரு கேலக்ஸி, டார்க் மேட்டரே இல்லாததுன்னு 2018ல பெரிய பேச்சு. 2019ல ஒரு குழு இல்ல இல்ல அது 13 மெகாபார்செக்தான்னாங்க, கிட்டக்க இருந்தா அந்த விசித்திரமே அடிபட்டுப் போகும். 2021ல ஹப்பிளால ரொம்ப நேரம் எடுத்த ஆழமான டேட்டாவுல உச்சி தெளிவா தெரிஞ்சு 22.1ன்னு வந்துச்சு. அனுபவசாலிங்களுக்கே 9 மெகாபார்செக் தகராறு வருது. அதனால விளிம்புக்குக் கீழ இன்னும் ஒரு மேக்னிட்யூடாவது தெளிவான டேட்டா இருக்கான்னு பாத்துட்டுதான் கை வைங்க, இல்லன்னா வேற கேலக்ஸிக்கு மாறிடுங்க, அடம் பிடிக்காதீங்க.

இன்னொண்ணு, பதில முன்னாடியே பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி எல்லைய வெட்டுறது. ஹவாய் டேட்டாபேஸ்ல பதில் இருக்கும், கை அரிக்கும். உங்க எண்ண நோட்டுல தேதியோட எழுதி கைடு கிட்ட கையெழுத்து வாங்கிட்டு அப்புறமா போய்ப் பாருங்க.

10. நேரமும் ரிப்போர்ட்டும்

குறுக்கு வழில போனா ப்ரொபோசல் கையெழுத்துக்கு ஒரு வாரம் (ஆபீஸ பொறுத்து ரெண்டு), பைத்தானும் டாப்கேட்டும் பழக ரெண்டு வாரம், நட்சத்திரம் தேர்வும் விளிம்பும் மூணு வாரம், எழுத ரெண்டு வாரம்னு வெச்சுக்கோங்க. நீள வழின்னா டால்ஃபாட் கம்பைல் பண்றதுக்கே தனியா ஒரு மாசம் சேத்துக்கோங்க. மே மாசம் கோடை விழா சமயத்துல ஏற்காடு அடிவாரத்துல ரூம் எடுத்திருந்தா மொபைல் நெட் நகராது, பெரிய ஃபைல் எல்லாம் ஏப்ரலுக்குள்ள இறக்கிடுங்க.

ரிப்போர்ட்ல கட்டாயம் இருக்க வேண்டிய படம் மூணு: கேலக்ஸி இமேஜ் மேல நீங்க வெட்டுன எல்லை, நிற வரைபடத்துல உச்சிக்கு ஒரு கோடு, சோபெல் வளைவு. அட்டவணை ஒண்ணு, எந்தெந்த பிழை எவ்வளவுன்னு. நன்றிப் பக்கத்துல மாஸ்ட் சொல்ற வாசகம், ப்ரொபோசல் நம்பரோட. கலர் பிரிண்ட் பக்கத்துக்கு 10 ரூபா வாங்குவாங்க, அதனால அந்த மூணு படத்த மட்டும் கலர்ல எடுத்துட்டு மத்தத கருப்பு வெள்ளையில எடுங்க, படத்துல கோடுங்கள புள்ளிக்கோடு, முழுக்கோடுன்னு வித்தியாசப்படுத்திட்டா காப்பி போட்டாலும் புரியும்.